சூப்பர்சார்ஜர் காரை வீட்டிலேயே பராமரித்து மாற்றியமைக்க: எது முதலில், எது கடைசியில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பழைய மினி கூப்பர் எஸ் வாங்கும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, சின்னப் புல்லி எங்கே கிடைக்கும்?" எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளும் கருவிதான் சூப்பர்சார்ஜர். அதன் பெல்ட் ஓடும் சக்கரம்தான் புல்லி, அது சிறிதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலும். இந்த வழிகாட்டியில் அந்தப் புல்லி எட்டாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஏழு படிகளைத் தாண்டிக் குதித்த வண்டிகள்தான் பிறகு கேஸ்கெட் போய், பெல்ட் அறுந்து, இழுவை வண்டியில் ஏறுகின்றன.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 2002 முதல் 2006 வரை வந்த ஆர்53 மினி கூப்பர் எஸ். 1.6 லிட்டர் எஞ்சின், அதன் மேல் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். சூப்பர்சார்ஜரோடு வந்த மெர்சிடிஸ் "கம்ப்ரஸர்" வண்டிகளுக்கும் வேலையின் வரிசை இதேதான். பாகங்கள் இருக்கும் இடமும் சில விவரங்களும் மட்டும் மாறும்.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் இடம். சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடுகளின் டிரைவ்வே சரிவானது. சரிவில் ஜாக் வைத்து வண்டியைத் தூக்காதீர்கள். சமமான கான்கிரீட் தரை உள்ள உறவினர் வீடோ நண்பர் வீடோ கிடைத்தால் அங்கே கொண்டுபோங்கள். தூக்கிய வண்டி ஸ்டாண்டுகளில் நிற்க வேண்டும். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல.

கருவிகளில் டார்க் ரெஞ்ச், கம்ப்ரஷன் கேஜ், கையால் இயக்கும் வாக்யூம் பம்ப், வெர்னியர் காலிபர், மல்டிமீட்டர், வண்டிக் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்க போனோடு இணையும் ஓபிடி ரீடர் ஆகியவை அவசியம். பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரைப் பின்னால் இழுத்துப் பூட்ட ஒரு நெம்புகோலும் பின்னும் வேண்டும். அந்த வண்டிக்கென்றே செய்த புல்லி கழற்றி வேண்டும். ஆனால் அதை இப்போதே வாங்க வேண்டாம், எட்டாவது படிக்கு இரவல் கிடைத்தால் போதும்.

எந்த போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பும் போனில் ஒரு படம் எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைப் பாகம்வாரியாகச் சின்னப் பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். ஆர்53 முகப்பில் நீளம் மாறிய போல்ட்டுகள் பல உண்டு. நீளமானதைக் குட்டையான துளையில் திருகினால் அலுமினிய மரை உரிந்துவிடும்.

2. எஞ்சினின் உடல்நிலை

சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளுகிறது. ஏற்கெனவே களைத்த எஞ்சினுக்குள் அதிகமாகத் தள்ளினால் அது சீக்கிரம் விழும். அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் பரிசோதனை முதலில் வருகிறது.

எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். ஆர்53 எஞ்சினின் அழுத்த விகிதம் 8.3க்கு 1 தான். ஆகவே சூப்பர்சார்ஜர் இல்லாத கார் காட்டும் அளவை இதில் எதிர்பார்க்காதீர்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டர்களும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 10, 15 சதவீதம் குறைந்தால் மாற்றியமைக்கும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சிலிண்டருக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

கூலன்ட் குறைகிறதா, எண்ணெய் எங்கே கசிகிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கும். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். எண்ணெய் மாற்றும் இடைவெளியைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் சொல்வது எவ்வளவு நீளமாக இருந்தாலும் நான் 7,500 கிலோமீட்டரைத் தாண்ட விடமாட்டேன்.

3. பெல்ட், டென்ஷனர், கிராங்க் புல்லி

இதை நிதானமாகப் படியுங்கள். ஆர்53இல் தண்ணீர் பம்ப்பைச் சுழற்றுவது சூப்பர்சார்ஜர்தான். பெல்ட் சூப்பர்சார்ஜரைச் சுழற்றுகிறது, சூப்பர்சார்ஜரின் பின்பக்கத்தில் உள்ள பற்சக்கரங்கள் தண்ணீர் பம்ப்பைச் சுழற்றுகின்றன. ஆகவே பெல்ட் அறுந்தால் பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம்) மட்டும் போகாது, பேட்டரி சார்ஜும் எஞ்சினின் குளிர்ச்சியும் சேர்ந்து போகும். பேட்டரி விளக்கு எரிந்து இழுவையும் செத்துவிட்டால், "வீடு பக்கம்தானே" என்று ஓட்டிப்போகாதீர்கள். அங்கேயே ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். சில நிமிடங்களில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

பெல்ட்டின் பள்ளப் பக்கத்தை மடக்கிப் பார்த்தால் வெடிப்பும் தேய்மானமும் தெரியும். கடற்காற்றில், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் சக்கரங்களின் பேரிங்குகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பெல்ட்டைக் கழற்றிய கையோடு ஒவ்வொன்றையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்றால் மாற்றுங்கள், விலை பெரிதல்ல.

டென்ஷனரில் அதிர்வை அடக்கும் பாகம் காலப்போக்கில் சோர்ந்துவிடும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது டென்ஷனர் கை நடுங்கிக்கொண்டே இருந்தால் அது வேலை செய்யவில்லை. பிறகு சின்னப் புல்லி போட்டால் பெல்ட் வழுக்கும், பூஸ்ட் ஏறாது, வண்டிக் கம்ப்யூட்டரை ட்யூன் செய்கிறவர் மணிக்கணக்கில் காரணம் தேடுவார்.

எஞ்சின் தண்டில் இருந்து பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கிறது. பழைய வண்டிகளில் அந்த ரப்பர் பிரியும். இரண்டு வளையங்களின் மேலும் நேராக ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். சில நாள் ஓட்டியபின் கோடு விலகியிருந்தால் வெளிவளையம் வழுக்குகிறது என்று பொருள்.

4. சூப்பர்சார்ஜருக்குள் இருக்கும் எண்ணெய்

"அது ஆயுளுக்கும் போதும்" என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் இதைத் தொடுவதில்லை. புதுக் கார் வாங்கிச் சில ஆண்டுகளில் விற்றுவிடுகிறவருக்கு அது போதும். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிக்குப் போதாது.

எம்45இல் எண்ணெய் இருக்கும் அறைகள் இரண்டு: முன்னால் புல்லிப் பக்கம் ஒன்று, பின்னால் தண்ணீர் பம்ப் பற்சக்கரங்கள் இருக்கும் பக்கம் ஒன்று. புதியவர்கள் முன்னறையை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் வறண்டுபோவது பின்னறைதான். அது வறண்டால் பற்கள் தேயும், பற்கள் தேய்ந்தால் தண்ணீர் பம்ப் நிற்கும்.

இரண்டு அறைகளையும் ஒழுங்காகச் செய்ய சூப்பர்சார்ஜரைக் கழற்றி வெளியே எடுப்பதே நல்லது. அதற்கு முன்பம்பரை எடுத்து, ரேடியேட்டர் இருக்கும் முன்சட்டத்தை முன்னால் நகர்த்த வேண்டும். முதல் முறை செய்கிறவருக்கு ஒரு முழு வார இறுதி பிடிக்கும். அவ்வளவு தூரம் உள்ளே போனபின் தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், அங்குள்ள ரப்பர் குழாய்கள், கேஸ்கெட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். அவற்றில் ஒன்று ஆறு மாதம் கழித்துக் கசிந்தால் அதே முகப்பை மறுபடி கழற்ற வேண்டிவரும்.

பழைய எண்ணெயைச் சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி உறிஞ்சுங்கள். நாற்றம் குடலைப் புரட்டும், அது இயல்பு. கறுத்திருந்தால் கவலையில்லை. உலோகத் துகள் மினுங்கினால் பேரிங்கையோ பற்சக்கரத்தையோ பார்க்க வேண்டும். புதிதாக ஊற்றுவது சூப்பர்சார்ஜருக்கென்றே விற்கும் செயற்கை எண்ணெயாக இருக்கட்டும். எஞ்சின் ஆயில் அந்த வேகத்தில் நுரைத்துவிடும். கையேட்டில் உள்ள அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். மிஞ்சும் எண்ணெய் சீலைத் தாண்டி, உள்ளே சுழன்று காற்றைத் தள்ளும் ரோட்டர்களுக்குப் போகும்.

ரோட்டர்களின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. இடைவெளியை இறுக்கமாக வைத்திருப்பது அந்தப் பூச்சுதான். கம்பிப் பிரஷ், உப்புத்தாள், கடுமையான கரைப்பான் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. எண்ணெய்ப் படலம் இருந்தால் மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

பழைய எண்ணெயை வடிகாலில் கொட்டாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் பழைய எண்ணெயைச் சேகரிக்க ரோஸ் ஃபவுண்டேஷன் ஏற்பாடு செய்த இடங்கள் இருக்கின்றன. மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து அங்கே கொடுங்கள்.

5. காற்றுக் கசிவும் பைபாஸ் வால்வும்

பூஸ்ட் குறைவாக இருக்கிறது என்று புல்லி மாற்ற வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது கசிவு. ஆர்53இல் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எஞ்சினின் மேல், பானட் துளைக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. இரு பக்கமும் ரப்பர் பூட்டுகள். எண்ணெய் ஊறி அவை தளர்ந்துபோகும், அல்லது கடைசியாகத் திறந்தவர் ஒரு கிளாம்ப்பை இறுக்காமல் விட்டிருப்பார்.

சோதிக்க, காற்று நுழையும் வாயை ஓர் அடாப்டரால் அடைத்து, சைக்கிள் பம்ப் அல்லது சின்ன கம்ப்ரஸரால் 0.3 பார் அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழ் காட்டிக்கொடுக்கும். கிராங்க்கேஸுக்குப் போகும் மூச்சுக்குழாயை அடைத்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் எண்ணெய் சீல்களைத் தள்ளும்.

பைபாஸ் வால்வின் வேலை எளிது. மெதுவாக ஓட்டும்போது வாக்யூம் அதைத் திறந்து வைக்கிறது, சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்று சுற்றி மறுபடி உள்ளேயே வருகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வால்வு மூடிக்கொள்கிறது, பூஸ்ட் ஏறுகிறது. வாக்யூம் பம்ப்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். கம்பி நகர வேண்டும், நகர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது.

மெர்சிடிஸ் எம்111 எஞ்சினின் சில கம்ப்ரஸர் வகைகளில் சூப்பர்சார்ஜர் புல்லியில் மின்காந்த கிளட்ச் இருக்கும். அங்கே பூஸ்ட் இல்லையென்றால் முதலில் கிளட்ச்சுக்கு மின்சாரம் வருகிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள்.

6. சூடு

டர்பன் கோடையில் 30 டிகிரி காற்றை இழுத்து 1.8 மடங்கு அழுத்தினால், கணக்குப்படி குறையே இல்லாத கம்ப்ரஸர்கூட அதை 85 டிகிரிக்குக் கொண்டுபோகும். எம்45 போன்ற ரூட்ஸ் வகையின் திறன் அதைவிட வெகுவாகக் குறைவு. வெளியே வரும் காற்று 100 டிகிரியை எளிதில் தாண்டும். சூடான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, நாக்கிங் (பெட்ரோல் கலவை நேரம் தவறி வெடிப்பது) அபாயம் அதிகம். நாக்கிங் கேட்டதும் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். புல்லியால் கிடைத்தது அங்கேயே போய்விடும்.

ஆகவே புல்லிக்கு முன் இன்டர்கூலர். கழற்றி, உள்ளே டீகிரீசர் ஊற்றிக் குலுக்கி, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி, முழுக்க உலர்த்துங்கள். பானட் துளையிலிருந்து வரும் காற்றை இன்டர்கூலர் மேல் திருப்பிவிடும் ஃபோம் சீல் பெரும்பாலான வண்டிகளில் பொடிந்துபோயிருக்கும். அது இல்லாவிட்டால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். செலவைப் பார்த்தால் இந்த வண்டியில் இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை.

தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் உள்ள வண்டிகளில் அதற்கெனத் தனி மின் பம்ப் இருக்கும். அது செத்தாலும் டாஷ்போர்டில் விளக்கு எரியாமல் போகலாம். தொட்டுப் பாருங்கள், ஓடினால் கையில் அதிர்வு தெரியும்.

7. பெட்ரோலும் பிளக்கும்

கடற்கரையிலிருந்து தள்ளிய உட்பகுதிகளில் 93, 95 ஆக்டேன் இரண்டும் பம்ப்பில் கிடைக்கும். சூப்பர்சார்ஜர் வண்டிக்கு எங்கே இருந்தாலும் 95தான்.

பூஸ்ட் ஏற்றப்போகிறீர்கள் என்றால் பிளக் ஒரு படி குளிர்ந்ததாக, அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவதாக, இருக்க வேண்டும். என்ஜிகே எண்முறையில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது, அதாவது 6க்குப் பதில் 7. போஷ் எண்முறையில் இது தலைகீழ். கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்குகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

8. புல்லி

முந்தைய ஏழும் முடிந்தபின் இது ஒரு சனிக்கிழமை வேலை.

15 சதவீதம் சிறிய புல்லி போட்டால் சூப்பர்சார்ஜர் 15 சதவீதம் வேகமாகச் சுழலும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றை 0.85ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 18 சதவீதம். 19 சதவீதப் புல்லியானால் 23 சதவீதத்தைத் தாண்டும். எம்45 ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது 0.74 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது. அதை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறீர்களோ அவ்வளவு சூடும் கூடும். தினசரி ஓட்டும் வண்டிக்கு, அதுவும் கடற்கரையில், 15க்கு மேல் போக வேண்டாம் என்பதே என் தீர்மானம். அதைத் தாண்டினால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் பெரிதாக வேண்டிவரலாம்.

வலது முன் சக்கரத்தையும் அதன் உள் பிளாஸ்டிக்கையும் எடுங்கள். டென்ஷனரைப் பின் போட்டுப் பூட்டி பெல்ட்டை விடுவியுங்கள். கழற்றிக்கு இடம் போதாவிட்டால் எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கால் எஞ்சினைத் தாங்கிக்கொண்டு, அந்தப் பக்க மவுண்ட்டைத் தளர்த்தலாம்.

பழைய புல்லியை எடுக்கும் முன், அதன் முகத்திலிருந்து சூப்பர்சார்ஜர் உடல்வரை உள்ள தூரத்தை வெர்னியரால் அளந்து எழுதுங்கள். புதியது அதே கோட்டில் உட்கார வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் பெல்ட் ஓரம் தின்றுகொண்டே போகும்.

புல்லி தண்டின் மேல் இறுக்கமாக அழுத்தி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கால் கழற்றியை விளிம்பில் மாட்டி இழுத்தால் விளிம்பு உடையும். சுத்தியலால் தட்டினால் அடி நேராக முன்பேரிங்குக்குப் போகும். இதற்கென்று செய்த கழற்றி மட்டும்தான். புதியதை அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் விரிந்து எளிதாக ஏறும். தடித்த கையுறை போட்டு, தயங்காமல் ஒரே மூச்சில் ஏற்றுங்கள். பாதியில் நின்றால் குளிர்ந்து அங்கேயே பிடித்துக்கொள்ளும். போல்ட்டால் இறுக்கும் இரண்டு துண்டுப் புல்லி வாங்கினால் இந்தக் கஷ்டம் குறையும்.

பெல்ட் பழைய நீளமே போதாதா என்றால், போதாது. புல்லி சிறிதானால் பெல்ட்டும் குட்டையாக வேண்டும். இல்லாவிட்டால் டென்ஷனர் தன் எல்லைக்குப் போய்விடும்.

9. ட்யூனிங்: கடற்கரை எண் வேறு, மேட்டுநில எண் வேறு

டர்பனில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். மேட்டுநிலத்தில் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கில் சுமார் 83. சூப்பர்சார்ஜர் காற்றை ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் பெருக்குகிறது. விகிதம் 1.8 என்று வைத்துக்கொண்டால் டர்பனில் மொத்தம் 182, வெளிக்காற்றைக் கழித்து கேஜ் காட்டுவது 81. ஜோகன்னஸ்பர்க்கில் மொத்தம் 149, கேஜ் காட்டுவது 66. அதே வண்டி, அதே புல்லி.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் தம்பி 17 சதவீதப் புல்லி போட்டு, "ஒன்னும் ஆகலேண்ணே" என்று சொன்னால் அது உண்மைதான். அங்கே காற்றே குறைவு. அதே வண்டியை என்3 வழியாக வான் ரீனன் கணவாய் இறக்கி டர்பனுக்குக் கொண்டுவந்து, ஈரமான பிப்ரவரி மதியத்தில் அழுத்தி ஓட்டினால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் எல்லைவரை தள்ளி ட்யூன் செய்த வண்டியில், கடற்கரைக்கு இறங்கியபின் முதல் நாள் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காதீர்கள். ட்யூன் செய்கிறவரிடம் வண்டி எந்தெந்த ஊரில் ஓடும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றும்போது குதிரைசக்தி எண்ணை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள்: காற்று எரிபொருள் விகிதம், உள்ளே போகும் காற்றின் சூடு, கம்ப்யூட்டர் எவ்வளவு தீப்பொறியைப் பின்வாங்குகிறது. முழுச்சுமையில் விகிதம் 11.5க்கும் 12.2க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மேல் சுற்றில் அது 13 பக்கம் ஏறினால் உடனே காலை எடுக்கச் சொல்லுங்கள், பெட்ரோல் போதவில்லை.

அதன்பின் ஓட்டிப் பார்க்கத் தெரு வேண்டாம். போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கத்து டெசி ரேஸ்வே போன்ற தளங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன.

10. காகித வேலை

செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பதிலையும் பத்திரமாக வையுங்கள். எஞ்சினையே மாற்றினால் புதிய எஞ்சின் எண்ணைப் பதிவில் ஏற்ற வேண்டும். கழற்றிய பழைய புல்லியையும் பெல்ட்டையும் ஒரு பெட்டியில் வைத்திருங்கள். வண்டியை விற்கும்போது, சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்த்தி பரிசோதனை உண்டு, வாங்குகிறவர் பழைய நிலையில் கேட்பதும் உண்டு.

11. அதன்பின் தொடர்ந்து கேட்க வேண்டிய சத்தங்கள்

புல்லி மாற்றி 500 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா கிளாம்ப்களையும் போல்ட்டுகளையும் மறுபடி பாருங்கள். ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். முனையில் வெள்ளைக் கொப்புளமோ மினுக்கும் புள்ளியோ இருந்தால் சூடு மிஞ்சுகிறது.

சூப்பர்சார்ஜரின் விசில் இயல்பானது, சின்னப் புல்லியால் அது கூடுவதும் இயல்பு. ஐடிலில் கோலிக்குண்டு உருளுவதுபோல் கடகடத்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் நின்றுவிட்டால், புல்லித் தண்டை ரோட்டர்களோடு இணைக்கும் முன்பக்க கப்ளர் தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றலாம். வேகத்தோடு சேர்ந்து உறுமல் கூடினால் பேரிங் அல்லது ஐட்லர்.

எது என்று பிரித்தறிய பெல்ட்டைக் கழற்றி, சூப்பர்சார்ஜர் புல்லியைக் கையால் சுழற்றியும் மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பெல்ட் இல்லாமல் எஞ்சினை ஓட்டிச் சத்தம் நிற்கிறதா என்று பார்ப்பதும் நல்ல வழி. ஆனால் அப்போது தண்ணீர் பம்ப் ஓடாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சில நொடிகள் மட்டும் ஓட்டிவிட்டு அணைத்துவிடுங்கள்.